கரண்ட் ஓடும் பொருளில் அழகைத் தேடாதீர்கள்

கேள்வி: சொந்த ஊர் ஈரோடு. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். தீபாவளி போனஸில் 12,000 ரூபாயை வீட்டில் ஐந்து பேருக்குப் பரிசு வாங்க எடுத்து வைத்திருக்கிறேன். துணிமணி எப்படியும் வந்துவிடும் என்பதால் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் அழகான துணைப்பொருள்கள் வாங்க ஆசை. போன வருஷமும் இதைத்தான் செய்தேன். அம்மாவுக்கு வாங்கிய கண்ணாடி மாதிரி கவர் மஞ்சளாகிவிட்டது. தம்பிக்கு வாங்கிய லேப்டாப் உறை சின்னதாகப் போய்விட்டது. கணவருக்கு வாங்கிய லெதர் பை தோலுரிந்துவிட்டது. இந்த முறை பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், அலமாரிக்குள் போய் முடங்கவும் கூடாது. தம்பி கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான், 15.6 அங்குல கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறான். அண்ணியிடம் ஐபோன் 13. அப்பா ஓய்வுபெற்றவர், பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். அவருடைய ஆண்ட்ராய்டு போனுக்குப் பிளிப் கவர் கேட்கிறார். அம்மாவின் போன் எப்போதும் சமையலறையில்தான். கணவர் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், 14 அங்குல லேப்டாப், கழுத்து வலி என்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை சிங்கப்பூர் போவார். யாருக்கு என்ன வாங்கலாம் சார்?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் இருபது வருஷத்துக்கு மேலாகச் செல்போன், லேப்டாப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் எங்கள் மேஜைக்கு வரும் வேலைகளில் நிறைய, பரிசாக வந்த பொருளால் வந்தவை. மினுமினுக்கும் கேபிள் போட்டுச் சார்ஜ் ஏறாமல் போன போன், அலங்காரக் கவருக்குள் மணல் புகுந்து முதுகெல்லாம் கீறல் விழுந்த போன், கேமரா மூடி ஒட்டியதால் திரை உடைந்த லேப்டாப் என்று வரிசையாக வரும். வாங்கிக் கொடுத்தவர் ஆசையோடு கொடுத்திருப்பார். அவரும் கூடவே வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அதனால் உங்கள் கடிதத்துக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் பொருள்கள் இரண்டே ஜாதி: கரண்ட் ஓடுபவை, கரண்ட் ஓடாதவை. சார்ஜர், கேபிள், பவர் பேங்க், வயர்லெஸ் சார்ஜர் எல்லாம் முதல் வகை. இவற்றில் நிறம், விளக்கு, வடிவம் எதையும் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே இருக்கும் சரக்குக்கும் முத்திரைக்கும் மட்டும் காசு கொடுங்கள். உறை, பை, ஸ்டாண்ட், கவர், பட்டை இவை இரண்டாம் வகை. இங்கே உங்கள் ரசனைக்குத் தடையே இல்லை. போன வருஷம் உங்களுக்கு ஏமாற்றம் தந்த மூன்றுமே இரண்டாம் வகை என்பது நல்ல செய்தி. ஒன்றும் எரியவில்லை. அளவும் துணியும்தான் சரியில்லை, அதைச் சரிசெய்வது சுலபம்.

தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன். 15.6 அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை உள்ள அளவு. லேப்டாப்பின் அகலம் அதில்லை, கனமும், அதாவது தடிமனும், அதில்லை. கேமிங் லேப்டாப்புகள் பின்பக்கம் காற்றுத் துளைகளுக்காகக் கொஞ்சம் நீண்டும், சாதாரண லேப்டாப்பைவிடத் தடித்தும் இருக்கும். அதனால்தான் கடையில் 15.6 என்று எழுதிய உறைக்குள் அது நுழையவில்லை. தம்பியிடம் டேப் வைத்து மூன்று அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: அகலம், ஆழம், கனம். ரகசியமாக வைக்க வேண்டுமானால் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும், வாரண்டி பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் மில்லிமீட்டர் வரை அளவு கிடைக்கும்.

அளவு கிடைத்ததும் கடைக்குப் போகாதீர்கள், பவானிக்குப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேர வழி. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தை நாம் கல்யாண வீட்டில் விரித்து உட்கார மட்டும்தான் பார்த்திருக்கிறோம். கெட்டியான பருத்தி நூலில் அகலப் பட்டைகளாக நெய்த அந்தத் துணி லேப்டாப் உறைக்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று எதை எடுத்தாலும் விடுதியில் இருக்கும் நூறு கறுப்பு உறைகளுக்கு நடுவே தம்பியுடையது தனியாகத் தெரியும். ஒரு சின்ன ஜமக்காளம் வாங்கினால் தம்பிக்கும் கணவருக்கும் சேர்த்து இரண்டு உறை தைத்துவிடலாம்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். உறையின் உள்ளகலம், லேப்டாப்பின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்டி, அதற்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் கனமும் இருந்தால் உள்ளே 40 வர வேண்டும். ஆழத்துக்கும் இதே கணக்கு. துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் ஃபோம் வைக்கச் சொல்லுங்கள், அடிப்பக்க ஓரத்தில் மட்டும் இரட்டிப்பாக. லேப்டாப் கீழே விழுந்தால் பெரும்பாலும் மூலைதான் முதலில் அடிவாங்கும், அதற்குத்தான் இது. உள்துணி ஃபிளானல் மாதிரி மெத்தென்று இருக்கட்டும். ஜமக்காளத்தின் முரட்டு நூல் நேராக லேப்டாப் மூடியில் உரசக் கூடாது. ஜிப் வைத்தால் அதன் உள்பக்கம் ஒரு துணிப் பட்டை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஜிப் பற்கள் லேப்டாப் ஓரத்தில் கோடு போடும். ஜிப்பே வேண்டாம், மடித்து மூடும் மூடியும் ஒரு மரப் பொத்தானும் போதும் என்பது என் கட்சி. அதுதான் பார்க்கவும் அழகு. துணியைத் தைக்கும் முன் உப்புத் தண்ணீரில் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சாயம் போகுமா, சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லுங்கள். கேமிங் லேப்டாப்பை ஷட் டவுன் செய்யாமல் மூடி மட்டும் போட்டு உறைக்குள் வைக்கக் கூடாது. உள்ளே அது தானாக விழித்துக்கொண்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் பேட்டரி உப்பிவிடலாம். இப்படி வந்தவை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு லேப்டாப் சார்ஜர் வாங்க நினைக்காதீர்கள். கேமிங் லேப்டாப்புகளுக்கு 150, 180, 230 வாட் என்று அவற்றோடு வந்த கனத்த சார்ஜர்தான் சரிப்படும். அதற்குப் பதில் அவன் போனுக்கு இரண்டு மீட்டர் நீளமுள்ள நல்ல டைப்-சி கேபிள் ஒன்று சேர்த்துக் கொடுங்கள். விடுதி அறையில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும். இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சாதாரணமாக 3 ஆம்பியர்தான் போகும், அதாவது அதிகபட்சம் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். அட்டையில் 5 ஆம்பியர், 100 வாட் அல்லது 240 வாட் என்று போட்டிருந்தால் அந்த சிப் இருக்கிறது என்று அர்த்தம். நூல் பின்னிய கேபிளாக எடுங்கள், சீக்கிரம் முறியாது. விளக்கெரியும் கேபிளும், காந்த முனை கேபிளும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் செம்புக்குப் போக வேண்டிய காசு விளக்குக்குப் போயிருக்கும். இரண்டாவதில் அந்தக் காந்தம் பையில் கிடக்கும் இரும்புத் துகளையெல்லாம் இழுத்துப் பின்களுக்கு நடுவே சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று. தம்பியின் போன் ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி, விவோ மாதிரி சொந்த வேகச் சார்ஜிங் முறை உள்ளதா என்று கேளுங்கள். அப்படியானால் வெளிக் கேபிளில் சார்ஜ் ஏறும், ஆனால் அந்த முழு வேகம் வராது. கேபிளில் கோளாறு என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டாவது முறை நிறுத்திப் படித்த இடம் இதுதான். பிளிப் கவர்களை மூடி நிறுத்துவது பெரும்பாலும் ஒரு காந்தம். போன் ஸ்டாண்ட், கார் ஹோல்டர், விரலில் மாட்டும் வளையம் பலவற்றிலும் காந்தம் உண்டு. பேஸ்மேக்கர்களுக்குள் காந்தத்தை உணரும் அமைப்பு இருக்கிறது. மருத்துவர்கள் பரிசோதனைக்காக அதன்மேல் காந்தம் வைப்பதே உண்டு. பலமான காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் வழக்கமான வேலை முறையிலிருந்து மாறிவிடலாம். சட்டையின் இடதுபக்கப் பையில், நெஞ்சை ஒட்டிப் போனை வைப்பதுதான் நம்மூர்ப் பெரியவர்களின் பழக்கம். அங்கே காந்தக் கவர் போட்ட போன் இருக்கக் கூடாது. ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோனையும், அதன் முதுகில் காந்தத்தால் ஒட்டும் மேக்சேஃப் பொருள்களையும் இப்படிப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது, வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல். அண்ணியின் ஐபோன் 13-க்குள்ளும் காந்த வளையம் இருக்கிறது என்பதால் இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது போனைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்பா ஏன் பிளிப் கவர் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். திரையில் கீறல் விழக் கூடாது, தானாக யாருக்கும் கால் போய்விடக் கூடாது, ஓரிரு கார்டு வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் தோல் உறை இந்த மூன்றையும் செய்யும். அதில் பட்டன் அல்லது ஒட்டும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே ஒரு குண்டூசியையோ பேப்பர் கிளிப்பையோ அதன் மூடிமேல் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் காந்தம் இருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதோடு அப்பாவுக்கு ஒரு மர ஸ்டாண்ட். செய்தி பார்க்கும்போது போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பிடித்த பரிசு இருக்காது. தெரிந்த ஆசாரி இருந்தால் தேக்குத் துண்டில் செய்யச் சொல்லுங்கள். போன் நிற்கும் பள்ளம் 15 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், கவரோடு நிற்பதற்கு. பள்ளத்தின் நடுவில் சார்ஜர் கேபிள் போக ஒரு வழி வெட்டியிருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கும் ஸ்டாண்ட் பலவற்றில் இந்த வழி இருக்காது. சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்க முடியாத ஸ்டாண்ட் ஒரு வாரத்தில் பரணுக்குப் போய்விடும். அடியில் நான்கு ரப்பர் பொத்தான் ஒட்டச் சொல்லுங்கள்.

அம்மாவின் கவர் ஏன் மஞ்சளானது என்று கேட்டிருக்கலாம் நீங்கள். வளையும் தன்மையுள்ள ஒளிபுகு கவர்கள் டி.பி.யு. என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. வெயிலும் சூடும் கைப்பசையும் பட்டால் அவை மஞ்சளாவது இயல்பு. எந்த விலையில் வாங்கினாலும் சீக்கிரமோ தாமதமோ ஆகும். அம்மாவின் விஷயத்தில் மஞ்சள்தூளும் சேர்ந்திருக்கும். வெளிர் நிற சிலிக்கான் கவரில் மஞ்சள் கறை பிடித்தால் எதைப் போட்டும் முழுசாகப் போகாது. அதனால் சமையலறை போனுக்கு அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து நீலம் மாதிரி அடர் நிறத்தில், கையில் வழுக்காத மேட் கவர் வாங்குங்கள். சோபா மடிப்பில் கிடந்தாலும் கண்ணில் படும்.

ஆனால் அம்மாவுக்கான உண்மையான பரிசு சுருக்குப் பை என்பேன். பாட்டிகள் இடுப்பில் செருகிய அதே சுருக்குப் பையைக் கொஞ்சம் பெரிதாக, தோளில் மாட்டும் நீளக் கயிறோடு தைத்தால் அதுதான் இன்று கடைகளில் போன் ஸ்லிங் என்று விற்கிறது. 20 சென்டிமீட்டர் உயரம், 11 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் இப்போதைய பெரிய போன்களும் நுழையும். சுங்குடியிலோ, அம்மாவின் பழைய பட்டுப் புடவையின் முந்தானைத் துண்டிலோ தைக்கலாம். உள்ளே மெல்லிய ஃபோம் வையுங்கள். கோயிலுக்குப் போகும்போதும், காய்கறி வாங்கப் போகும்போதும் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடப்பது நின்றுவிடும்.

அம்மா, அப்பா இருவருடைய போனுக்கும் திரைமேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடியை மாற்றிக் கொடுங்கள். அட்டையில் 9 எச் என்று பெரிதாக எழுதியிருக்கும். வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கடினம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு, 9 எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பது மட்டுமே அர்த்தம். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கும், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் பையில் இருக்கும் மணல் எந்தக் கண்ணாடியையும் கீறும். கண்ணாடியின் வேலை விழும்போது தான் உடைந்து திரையைக் காப்பாற்றுவது. அதற்கு நடுத்தர விலைக் கண்ணாடியே தாராளம். திரை ஓரம் வளைந்த போனாக இருந்தால் திரவப் பசை ஊற்றி ஒட்டும் கண்ணாடியைத் தவிர்த்து, ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பசை காது ஸ்பீக்கருக்குள் இறங்கி, குரல் கேட்கவில்லை என்று வந்த போன்களைத் திறந்து நானே சுத்தம் செய்திருக்கிறேன்.

அண்ணிக்கு வாங்குவதுதான் உங்களுக்குச் சந்தோஷமான வேலையாக இருக்கும். ஐபோன் 12-லும் 13-லும் அகலமும் உயரமும் ஒன்றுதான், ஆனால் கேமரா இருக்கும் இடம் வேறு. 12-இல் இரண்டு லென்சும் ஒன்றன்கீழ் ஒன்று, 13-இல் குறுக்காக. 13-க்கும் 13 ப்ரோவுக்கும் கூட கவர் மாறும். அதனால் ஐபோன் 13 என்று பெட்டியில் துல்லியமாக எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள், மேக்சேஃப் காந்த வளையம் உள்ள கவராக. அந்த வளையம் இருந்தால்தான் பின்னால் ஒட்டும் அழகான பொருள்கள் நிற்கும். மடிக்கும் ஸ்டாண்ட், பிடிமான வளையம், கார்டு பர்ஸ் என்று நிறைய இருக்கின்றன. பர்ஸ் கொடுத்தால் சிப் உள்ள வங்கி அட்டை சரி, கறுப்புக் காந்தப் பட்டையை மட்டும் நம்பியிருக்கும் பழைய அட்டைகளை அதில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐபோன் 13-இல் சார்ஜ் போட இருப்பது ஆப்பிளின் பழைய லைட்னிங் துளை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்கும் போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்று சட்டம் போட்டது. அதற்கு முன்பே 2023-இல் ஐபோன் 15-இலிருந்து ஆப்பிளும் மாறிவிட்டது. அண்ணி அடுத்த போன் வாங்கும்போது லைட்னிங் கேபிள், லைட்னிங் இயர்போன் எல்லாம் வீணாகும். காந்தம் மட்டும் பெரும்பாலும் கூடவே வரும். அதனால் காசை லைட்னிங் பொருளில் போடாதீர்கள். படுக்கை அருகே வைக்கும் வயர்லெஸ் சார்ஜர் வாங்க மனமிருந்தால் பெட்டியில் கியூ.ஐ. 2 என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரச் சான்று அல்லது மேக்சேஃப் சான்று இருக்கிறதா பாருங்கள். வெறுமனே காந்தம், 15 வாட் என்று எழுதியவை ஐபோனில் பெரும்பாலும் 7.5 வாட்டில்தான் ஏறும். அந்தப் பெட்டியில் அடாப்டர் பல நேரம் இருக்காது, 20 வாட் அடாப்டர் அண்ணியிடம் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே திரவமும் மினுமினுப்பும் மிதக்கும் கவர்கள் கண்ணைப் பறிக்கும். வாங்காதீர்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஐபோன் கவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. கவர் உடைந்து திரவம் பட்ட இடத்தில் தோல் வெந்ததாகப் புகார்கள் வந்ததுதான் காரணம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எனக்கு அந்தக் கவலை எப்போதும் உண்டு.

உங்கள் கணவருக்குக் கழுத்து வலி என்று எழுதியிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தும் அலுமினிய ஸ்டாண்ட் ஒன்று, தனிக் கீபோர்டு, மௌஸ், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பரிசு. ஸ்டாண்ட் மட்டும் வாங்கினால் உயரத்தில் இருக்கும் கீபோர்டில் தட்டித் தோளும் வலிக்கும். இங்கே அழகுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஸ்டாண்டும் கீபோர்டும் ஒரே நிறத்தில் எடுங்கள், மேஜையே மாறிவிடும்.

இப்படிப்பட்ட பரிசுப் பெட்டிகளில் கேமராவை மூடும் சின்னத் தள்ளுமூடியையும், கீபோர்டு மேல் விரிக்கும் சிலிக்கான் உறையையும் சேர்த்து வைத்திருப்பார்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். இன்றைய மெல்லிய லேப்டாப்பை மூடினால் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இடைவெளியே கிடையாது. மேக்புக்கில் கேமரா மூடி போட்டுக்கொண்டு மூடினால் திரை சேதமாகலாம் என்றும், கட்டாயம் போட வேண்டுமானால் 0.1 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது என்றும் ஆப்பிளே சொல்லியிருக்கிறது. ஒரு தாளின் கனம் அது.

பயணத்துக்குச் சார்ஜர் வாங்குவதானால் இப்போதைய சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்து, முனையும் டைப்-சியாக இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். அதே 65 வாட்டில் ஜி, ஏ, என் என்று மூன்று ஆங்கில எழுத்து போட்ட சார்ஜர் வாங்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். கேலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த பாகங்கள் அதிகம் சூடாவதில்லை, அதனால் பெட்டி சிறுத்துவிட்டது. அதிலேயே போனுக்கும் ஒரு துளை இருக்கும். இப்போதைய சார்ஜரின் முனை உருண்டையாக இருந்தால் லேப்டாப்பில் டைப்-சி துளை இருந்தாலும் அதில் சார்ஜ் ஏறும் என்று சொல்ல முடியாது, மாடலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். சிங்கப்பூரில் பிளக் பின்கள் மூன்றும் செவ்வகக் கட்டைகள், நம் உருண்டைப் பின் நுழையாது. ஒரு டிராவல் அடாப்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவார்.

பவர் பேங்க் அவருக்கு நான் சொல்ல மாட்டேன். பேட்டரியில் அடங்கும் மின்சக்தியை வாட்-ஹவரில் அளப்பார்கள், 100 வாட்-ஹவர் வரை விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகலாம். 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-ஹவர், அதனால் எடுத்துப்போவதில் சிக்கல் இல்லை. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டது. யாருக்காவது வாங்கியே ஆக வேண்டுமானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 10,000 என்று எழுதியிருந்தால் அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் கிடைக்கும், 5,000 எம்.ஏ.எச். போனை ஒன்றரை முறை நிரப்பினால் பெரிது. பெட்டியில் பொடி எழுத்தில் அந்த உண்மையான எண்ணும் இருக்கும்.

சார்ஜரிலும் பவர் பேங்கிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா, அதன் கீழே ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் நம்பிவிடாமல், பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போடுங்கள். யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று வரும். பொருளில் இருக்கும் பெயரும் செயலியில் வரும் பெயரும் பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தோலுரிந்த பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பி.யு. லெதராக இருந்திருக்கும். துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம் காற்றின் ஈரத்தில் சிதைந்து, செதில் செதிலாக உதிரும். பயன்படுத்தாமல் பீரோவில் வைத்தாலும் உதிரும். வீகன் லெதர் என்று விற்பதிலும் நிறைய இதுதான். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே துணி இழை தெரிந்தால் பி.யு., நார் நாராக ஒரே பொருளாக இருந்தால் தோல். உண்மைத் தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. இந்த பட்ஜெட்டில் தோல் பைக்கு இடமில்லை என்றால் கணவருக்கும் ஜமக்காள உறையே போதும்.

12,000 ரூபாயை ஐந்தாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். கணவருக்கு 5,000 வரை போகட்டும், வலிக்கு மருந்து மாதிரி அது. ஸ்டாண்ட், கீபோர்டு, மௌஸ் போக மிச்சம் இருந்தால் டிராவல் அடாப்டர், அதற்கும் மேல் இருந்தால் சார்ஜர். அண்ணிக்கு 3,000, தம்பிக்கு 2,000, அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து 2,000. அவர்களுக்கானவை தையலும் மரவேலையும் என்பதால் விலை குறைவு, மதிப்பு குறைவில்லை.

ஆன்லைனில் வாங்கினால் தேதியைப் பாருங்கள். தள்ளுபடி விற்பனையில் ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுகிறோம், திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஏழு, பத்து நாள்தான். தீபாவளியன்று பிரிக்கும்போது கெடு முடிந்திருக்கும். அதனால் வந்த அன்றே நீங்களே பிரித்து, கேபிளையும் சார்ஜரையும் உங்கள் போனில் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு அழகாகக் கட்டி, பில்லை உள்ளே வையுங்கள்.

தம்பியின் லேப்டாப் அளவை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் ஈரோட்டில் எந்தத் தையல்காரரும் ரவிக்கையை விட்டுவிட்டு உங்கள் ஜமக்காளத்தைக் கையில் எடுக்க மாட்டார்.